எயிற்பட்டினத்து மதில்: பாட்டும் உரையும் மண்ணும்

முன்னுரை

கடற்கரைக் கோட்டை அழிந்துபோன பின்னும் அதன் பெயர் இலக்கியத்தில் எஞ்சுவது உண்டு. ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் அத்தகையது. சிறுபாணாற்றுப்படை காட்டும் இப்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் கூறுவது ஆய்வு மரபாகிவிட்டது. இம்முடிவைத் தாங்கும் சான்றுகளின் தன்மையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பாட்டும் உரையும்

ஆமூரும் வேலூரும் பாட்டிலேயே பெயர் சுட்டப்பெறுகின்றன. இவ்வேலூர் ஓய்மாநாட்டு ஊர். பாலாற்றங்கரை வேலூரோடு மயங்கத் தகாதது. நெய்தற் பட்டினமோ மதிலின் பெயரைத் தன் பெயராக உடையது என்னும் குறிப்பால் மட்டுமே அறிமுகமாகிறது. அக்குறிப்பை விடுவித்து எயிற்பட்டினம் எனக் காட்டியது நச்சினார்க்கினியர் உரை. எயில் என்பது மதிலைக் குறித்தலின் உரை பொருத்தமுடையதே. எனினும் பாட்டுக்கும் உரைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. மேலும், மதிலின் அமைப்போ அளவோ பாட்டில் விரிக்கப்படவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண நூலாகிய பெரிப்ளூஸ் காமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைமுகங்களைக் குறிப்பிடுகிறது. சோ என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் அரண் என்று பொருள் உண்டு. இதுகொண்டு சோபட்மாவும் எயிற்பட்டினமும் ஒன்றெனக் கூறுவர். இங்கு ஒரு சொல்வழி ஊகத்துக்கு மற்றொரு சொல்வழி ஊகமே துணையாக நிற்கிறது.

மண்ணின் சான்று

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துக் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கோட்டை இருப்பதும் இன்றைய இடைக்கழிநாடு பேரூராட்சியில். இவ்வொற்றுமை, இடிபாடுகளைச் சங்ககால எயிலின் எச்சமாகக் காணத் தூண்டக்கூடும். ஆயின் எஞ்சியுள்ள செங்கற் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. இக்கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர்க்கு அளிக்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயரால் சிதைக்கப்பட்டது. இங்கு நாணயச்சாலையும் இயங்கியது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2011-12இல் இங்கு அகழாய்வு செய்தது. ஆலம்பரையைச் சங்கப் பெயரால் மட்டும் அடையாளப்படுத்தினால், அதன் வணிக, நாணய வரலாறு மறைந்துபோகும்.

அரிக்கமேட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1945இல் வீலர் அங்கு மண்ணடுக்கு முறையில் அகழ்ந்து, இத்தாலிய மட்கலங்களைக் கொண்டு காலத்தை வரையறுத்தார். அவ்விடம் பொதுகே எனப்படுவதும் இன்று இணைப்புக் கருத்தே. ஆனால் பெயர் மாறினும் அதன் காலக்கணிப்பு நிற்கும். எயிற்பட்டினத்துக்கோ பெயரே முதற்சான்று.

முடிவுரை

எயிற்பட்டினத்தை மரக்காணமெனக் கொள்வதை இக்கட்டுரை மறுக்கவில்லை. அதனை ஆய்வுக் கருதுகோளாக மட்டும் எழுதவேண்டும் என்கிறது. பாட்டின் சொல், உரைகாரர் விளக்கம், அயலார் குறிப்பு, அகழ்பொருள் ஆகிய நான்கையும் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே இணைத்தல் வேண்டும். மதில் கிடைக்காமையால் பாட்டு பொய்யாகாது. அதுபோலவே, பாட்டைக் காட்டி மண்ணில் மதில் உண்டென நிறுவவும் இயலாது.