இரண்டாம் முறை கேட்கிறவள்

நன்னூலின் பொதுப்பாயிரத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழும். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று பவணந்தியார் தரம் பிரித்து வைத்திருக்கிறார். யார் எருமை, யார் பன்னாடை என்று மாணவிகள் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்வார்கள். உண்மையில் அந்த வரிசையில் அவர்களுக்கு இடமே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மாணாக்கன் ஆண். ஆசிரியனை நிழல்போல விட்டு நீங்காதவன். நிழலாக இருக்க நேரம் வேண்டும். வண்டலூரில் மின்ரயிலைப் பிடித்து, இருட்டுவதற்குள் கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ வீடு சேரவேண்டியவள் யாருக்கும் நிழலாக முடியாது.

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் புதியவர்களுக்கென்று தயாரிக்கும் பயிற்சிக் குறிப்புகளைச் சில காலமாக வாசித்துவருகிறேன். தமிழாசிரியைக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். மென்பொருளைத் தமிழாக்கவும் விக்கிப்பீடியாவில் எழுதவும் எங்கள் துறை மாணவிகளைத்தான் கூப்பிடுகிறார்கள். தவிர, பயிற்சிக் குறிப்பும் ஒரு பனுவல். தன் வாசகர் யார் என்பதை அது முதல் வரியிலேயே முடிவு செய்துவிடுகிறது.

“டெர்மினலைத் திறக்கவும். கீழ்க்காணும் கட்டளையை இடவும்.” இப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். ‘வும்’ என்று முடியும் இந்த ஏவல் ‘வரிசையில் நிற்கவும்’, ‘சரியான சில்லறை தரவும்’ என்ற பலகைகளின் மொழி. பலகையிடம் யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ‘திறந்து பாருங்கள்’ என்று எழுதினால் சங்கதியே வேறு. அந்தப் ‘பார்’ என்ற துணைவினைக்குள் முயற்சியும் இருக்கிறது, தவறுவதற்கான அனுமதியும் இருக்கிறது. டெர்மினல் என்றால் என்ன, அதில் எதையாவது தப்பாகத் தட்டினால் அண்ணனின் கணினி கெட்டுவிடுமா என்ற பயம் அடுத்த கேள்வி. கணினி அவளுடையது அல்ல என்பதைக் குறிப்பெழுதியவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

தமிழில் இந்தத் திசையில் நடந்திருக்கும் வேலை சிறியதல்ல. 2012இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் நூல்களை இலவசமாக, யாரும் பகிரும் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. மைஎஸ்கியூஎல், லினக்ஸ், எச்டிஎம்எல் என்று அவற்றில் பலவற்றை எழுதியவர் து. நித்யா. ஒரு பெண் இத்தனை தொழில்நுட்ப நூல்களைத் தமிழில் எழுதியிருப்பது நம் பெண்ணெழுத்துப் பட்டியல்களில் ஏன் வருவதில்லை என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். கவிதையும் நாவலும் மட்டும்தான் எழுத்தா? ஆனாலும் கருவியைக் கற்பிக்கும் நூல் ஒன்று, குழுவின் வாசலைத் திறக்கும் குறிப்பு இன்னொன்று. கற்றபின் யாரிடம் போவது, எப்படிக் கேட்பது என்பதற்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும்.

வாசல் இல்லாமல் பொருள் மட்டும் வந்தால் என்னாகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் அது. எண்ணற்ற பெண்களின் மடிக்கே வந்துசேர்ந்தது. என்னிடம் படித்தவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது என்ன என்று சொல்ல யாருமில்லை. தெரியாமல் அதற்குள் போனவர்கள் பயந்து வெளியே வந்தார்கள்.

நம் வீடுகளில் புதிதாக நுழைகிறவள் எப்போதும் பெண்தான். ஆரத்தி உண்டு, வலதுகால் உண்டு. மறுநாள் காலை உப்பு டப்பா எங்கே என்று ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டால் அவள் பிறந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வரும். எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணி யாரும் எழுதி வைக்காத சட்டங்கள் அவை. ‘கேட்பதற்கு முன் தேடிப் பார்த்தீர்களா?’ என்று குழுக்களில் புதியவர்களைக் கேட்கும் தொனி எனக்கு அந்தச் சமையலறையைத்தான் நினைவூட்டுகிறது.

இந்த இடத்தில் பவணந்தியார் எவ்வளவோ மேல். ஒரு நூலை இரண்டு முறை கேட்டால் பிழை நீங்கும், மூன்று முறை கேட்டால் முறையறிந்து சொல்லவரும் என்கிறார். திரும்பக் கேட்பது அவருக்குக் குறையல்ல. ஆசிரியரிடமிருந்து கால் பங்கு, உடன் பயில்வோரிடமிருந்து கால் பங்கு, பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில் மீதி அரைப் பங்கு என்று புலமைக்குக் கணக்கும் போடுகிறார். பாதி கற்றவளே அடுத்தவளுக்கான குறிப்பை எழுதலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? எங்கே தடுமாறினோம் என்பது அவளுக்குத்தான் இன்னும் மறந்திருக்காது.

அழைப்பின் சொல் மாறினால் வருகிறவர்களும் மாறுகிறார்கள். 2006இல் கூகுளின் கோடைக்காலத் திட்டத்துக்காக நோம் குழுவுக்கு ஏறக்குறைய 180 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்களுக்கென்று தனியாக அழைத்தார்கள். நூறு பேரளவில் விண்ணப்பித்தார்கள். இன்றைய அவுட்ரீச்சி திட்டத்தின் வேர் அதுதான். ஆனால் அழைப்பை எழுதும் உழைப்பு யாருடையது? 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் 93 விழுக்காட்டினர், குறிப்புகள் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பது பெரிய சிக்கல் என்றார்கள். அதே கணக்கெடுப்பில் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் குறிப்பெழுதுவதற்குக் கை வைப்பதே அரிது. எல்லாரும் சாப்பிட வேண்டும், சமைக்கத்தான் ஆளில்லை. நிரல் எழுதுவது பங்களிப்பு, குறிப்பெழுதுவது உதவி என்ற பாகுபாடு இருக்கும்வரை பெண்களை அதற்கு மட்டும் கூப்பிடுவதை நான் வரவேற்கமாட்டேன்.

என் மாணவிகள் சிலர் இப்போது விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்குவோருக்கு இரண்டு பக்கக் குறிப்பொன்றைக் கைபேசியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பத்தியில் கணினி தேவையில்லை என்றிருக்கிறது. ரயிலில் வரும்போது செய்யக்கூடிய சிறு திருத்தங்களுக்கு ஒரு பத்தி. உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கினால் அது உங்கள்மீது கோபமல்ல, காரணம் கேளுங்கள், மறுபடியும் கேளுங்கள் என்று ஒரு பத்தி. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்ற இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது. பெயரோடு எண்ணையும் போடலாம் என்கிறாள் ஒருத்தி. போட்டால் இரவு பதினொரு மணிக்கு யார் யாரோ கூப்பிடுவார்கள் என்கிறாள் இன்னொருத்தி.