இறக்கும் கை, ஏற்றும் கை

கயாக் பயணம் போய்வந்தவர்கள் பனிமலையையும் பெங்குவினையும் பற்றிச் சொல்வார்கள். நான் ரசிப்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில நிமிடங்களை. பெரிய கப்பலிலிருந்து அந்தச் சின்னஞ்சிறு படகு தண்ணீருக்கு இறங்கி, ஆள் அதற்குள் உட்கார்ந்து விலகிப் போகும் நேரம். பிறகு களைத்துத் திரும்பி வந்து கப்பலேறும் நேரம். இந்தக் கைவேலையின் செம்மையைக் காண அன்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையைவிட நல்ல இடம் இல்லை என்பேன். நவம்பர் முதல் மார்ச் வரை ஜெர்லாஷ் நீரிணை, பாரடைஸ் துறைமுகம், நெக்கோ துறைமுகம் என்று சுற்றிவரும் பயணக் கப்பல்கள் பலவற்றின் தளத்தில் கயாக்குகள் அடுக்கியிருக்கும்.

கயாக் பிறந்ததோ பூமியின் மறுமுனையில். ஆர்க்டிக்கின் இன்யூட், அலியூட் மக்கள் கரையொதுங்கிய மரத்திலும் எலும்பிலும் சட்டம் கட்டி, கடல்விலங்கின் தோல் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. கரையிலிருந்தோ பனி விளிம்பிலிருந்தோ இறக்குவதற்கென்றே உருவானது. இன்றைய கடல் கயாக் சுமார் 5 மீட்டர் நீளம். ஒருவர் செல்லும் படகின் அகலம் 60 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இடுப்பு அடித்தட்டில் பதிந்துவிட்டால் நம்பகமான படகு. கால் உள்ளேயும் உடல் வெளியேயுமாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் மட்டும் அதை நம்ப முடியாது. எடை உயரத்தில் இருக்கும், படகு உருளப் பார்க்கும். கப்பலோரத்தில் நடக்கும் ஏற்பாடு அத்தனையும் அந்த நொடிகளுக்காகத்தான்.

ஏற்பாடு கப்பல் தலைவரிடம் தொடங்குகிறது. அவர் கப்பலைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்துவார். கப்பலே காற்றையும் அலையையும் மறைத்துக்கொள்ள, மறுபக்கத்துத் தண்ணீர் தணியும். அங்கேதான் இறக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் காற்று கப்பலையும் தள்ளிக்கொண்டிருக்கிறதே! காற்றடிக்கும் பக்கம் நின்றால் அலை சிறு படகைக் கொண்டுபோய்க் கப்பலில் மோதும். மறைவுப் பக்கம் நின்றால் கப்பலே நகர்ந்து வந்து படகை நெருக்கும். ஆகவே மறைவில் தங்கக்கூடாது, ஏறியதும் விலகிவிட வேண்டும். சில தலைவர்கள் கப்பலை மிக மெதுவாக முன்னே நகர்த்திக்கொண்டிருப்பார்கள். தன் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, முன்னோக்கிக் கட்டிய கயிற்றில் சிறு படகு கப்பலோடு இணையாக வரும். சற்றே வெளிப்பக்கம் திருப்பினால் தானாக ஒதுங்கும். பழைய மாலுமிகளின் உத்தி இது. அதைச் சரியாகச் செய்பவரைப் பார்த்தால் கடலே அவருக்கு இடம் விடுவதாகத் தோன்றும்.

அலைகள் கூட்டமாக வரும். பெரியவை சில கடந்தபின் கொஞ்சம் அமைதி கிடைக்கும். கிரேன் இயக்குபவர் அதற்குக் காத்திருப்பார். அலையின் முதுகில் படகு தண்ணீரைத் தொட வேண்டும்; தொட்ட மறுகணம் கயிற்றைத் தாராளமாக விட்டுக் கொடுக்க வேண்டும்; அந்தத் தளர்ச்சியில் கொக்கி கழல வேண்டும். தாமதித்தால் அலை கீழே போக, கயிறு விண்ணென்று இழுபட்டுப் படகு உதறும். அப்போது என் கண் கொக்கியைக் கழற்றுபவரின் கைமீதுதான் இருக்கும். நல்ல கையின் விரல்கள் கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவே போகவே போகாது.

இப்படி இறங்குவது பெரும்பாலும் ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகு. கப்பலுக்கும் கயாக்குக்கும் நடுவே அதுதான் படிக்கட்டு. கப்பலின் பக்கப்படியில் இறங்கும் பயணி, மாலுமியின் மணிக்கட்டைப் பற்றுவார், மாலுமி பயணியின் மணிக்கட்டைப் பற்றுவார். விரலோடு விரல் கோத்தால் நழுவும். இந்தப் பிடியில் ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடி நிற்கும். பிறகு அமைதியான குடா ஒன்றில் வழிகாட்டி கயாக்கை ரப்பர் படகோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, பயணி காற்றுக்குழாயின் மேல் உட்கார்ந்து, கால்களை உள்ளே நீட்டி, உடலைத் தாழ்த்தியே வழுக்கி இறங்குவார். இடுப்பைச் சுற்றிய நீர்மறைப்பை விளிம்பில் மாட்டியதும், அதன் முன்பக்கத்து வளையம் வெளியே இருக்கிறதா என்று வழிகாட்டி தொட்டுப் பார்ப்பார். கவிழ்ந்தால் இழுத்து விடுபட வேண்டியது அதைத்தான். இந்தக் கலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது அந்த ஒரு தொடுதல்.

பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா பக்கத்துச் சிறிய தாய்ப்படகுகளில் வேறு வழக்கம். பின்தலையில் நீர்மட்டத்தை ஒட்டிய மேடையிலிருந்து நேரே கயாக்கில் ஏறுவார்கள். நங்கூரமிட்ட படகு அணியத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்பதால் பின்தலை ஓரளவு ஒதுக்கமாக இருக்கும். ஆனால் அலையில் தாய்ப்படகு குதித்தால் அந்த மேடை கயாக்கின் தலைமேலேயே விழும். இயந்திரம் நிற்காமல் யாரும் அங்கே நெருங்கக்கூடாது.

இறக்குவதைவிட ஏற்றுவதுதான் உண்மையான சோதனை. தோள் ஓய்ந்திருக்கும், விரல் மரத்திருக்கும், காலையில் இல்லாத காற்று எழுந்திருக்கும். நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள கிராண்ட் பாங்க்ஸ் கடற்பகுதியில் மீன்பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குளோஸ்டர், லூனன்பர்க் துறைமுகங்களின் பாய்க்கப்பல்கள் டோரி எனும் தட்டையடி மரப்படகுகளை, உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டு, எவர்சில்வர் டம்ளர்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோய், மீன்பிடிக்க இறக்கித் திரும்ப ஏற்றின. காட் மீனுக்குப் போன போர்த்துக்கீசிய வெள்ளைக் கப்பல்களில் ஒரு டோரிக்கு ஒரே ஆள். 1970கள் வரை அந்த முறை நீடித்தது. 1883 ஜனவரியில் டோரியில் போன ஹோவர்ட் பிளாக்பர்ன் என்ற மீனவர் பனிப்புயலில் தாய்க்கப்பலைச் சேர முடியாமல் போனார். உடனிருந்தவர் இறந்துவிட்டார். பிளாக்பர்ன், துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே கைகளை உறையவிட்டு, நாள்கணக்கில் வலித்து நியூஃபவுண்ட்லாந்துக் கரை சேர்ந்தார். கைவிரல்களை இழந்தார்.

குளிரில் கை எவ்வளவு நேரம் ஒத்துழைக்கும் என்ற கணக்கு அன்டார்க்டிக் வழிகாட்டிகளுக்கும் உண்டு. அங்கே கடல்நீர் பூச்சியத்தை ஒட்டிய வெப்பத்தில் இருக்கும். உப்புநீர் சுமார் −1.8 டிகிரியில்தான் உறைகிறது. குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம் என்று தோராயமாகச் சொல்வார்கள். நீர்புகா உடை எல்லோரும் போட்டிருந்தாலும், அந்த 10 நிமிடத்தை மனத்தில் வைத்தே ஏற்றும் வரிசை அமைகிறது. மிகக் களைத்தவர் முதலில், வழிகாட்டி கடைசியில். முதலில் துடுப்பைக் கொடு, பிறகு மறைப்பைக் கழற்று, பிறகு குழாய்மேல் சாய்ந்து ஏறு. ஒரு கயாக் ஏறும்வரை மற்றவை ஐந்தாறு படகு நீளம் தள்ளிக் காத்திருக்கும். கத்தல் கிடையாது, ஒருவர் மட்டுமே பேசுவார்.

நல்ல வழிகாட்டி காலையில் பார்ப்பது மாலை வானிலையை. திரும்பி ஏற்ற முடியாத காற்று வரும் என்று பட்டால், கண்ணாடிபோல் கடல் கிடந்தாலும் இறக்க மாட்டார். நீங்கள் எப்போதாவது இப்படியொரு பயணம் போவதாக இருந்தால், பணம் கட்டுமுன் எங்கெல்லாம் போவீர்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். காற்று எழுந்துவிட்டால் எங்களை எப்படித் திரும்ப ஏற்றுவீர்கள் என்றும் கேளுங்கள். தயங்காமல் விளக்கமாகப் பதில் சொல்பவரோடு போங்கள்.