கேட்கத் தெரியும், பதில் புரியாது

1943இல் ஈராக்குக்குப் போகும் சிப்பாய்களுக்காக அமெரிக்க ராணுவம் ஒரு கையடக்கப் புத்தகம் வெளியிட்டது. பள்ளிவாசல் பக்கம் போகாதே, பெண்களை முறைத்துப் பார்க்காதே, வலது கையால் சாப்பிடு, மத விவாதம் வேண்டாம் என்று நிறைய புத்திமதி. கூடவே அரபுச் சொற்பட்டியல். 2007இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் இதை மறுபதிப்பு செய்தது. முதல் தடவை படித்தபோது, 2003இல் போன சிப்பாய்கள் இதை ஒழுங்காகப் படித்திருந்தால் எவ்வளவோ தவிர்த்திருக்கலாமே என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்தப் புத்தகம் சிப்பாயை விருந்தாளியாக நினைத்து எழுதப்பட்டது. ஹிட்லரை எதிர்க்க ஈராக்கியர்களின் நட்பு தேவைப்பட்ட காலம் அது. 2003இல் போனவர்கள் அரசையே கவிழ்த்துவிட்டு, நள்ளிரவில் வீடுகளைச் சோதனை போட்டவர்கள். கதவை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்குச் செருப்பைக் கழற்றும் பாடம் எதற்கு?

சரி, மொழியாவது? கலிஃபோர்னியாவில் மான்டரே நகரத்திலுள்ள ராணுவ மொழிப்பள்ளியில் அரபுக்கு 64 வாரப் படிப்பு. அங்கே நெடுங்காலம் முதன்மையாகக் கற்பித்தது எழுத்து அரபு. "உனக்கு என்ன வேண்டும்?" என்பதற்கு அதில் "மாதா துரீத்?" பாக்தாத் தெருவில் "ஷ்த்ரீத்?" மேடைத் தமிழ் மட்டும் படித்தவர் மதுரைச் சந்தையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள், அந்தக் கதைதான்.

64 வாரம் எல்லோருக்கும் கிடைக்காது. மற்றவர்களுக்குச் சொற்றொடர் அட்டைகள், ஃப்ரேஸலேட்டர் என்ற கையடக்கக் கருவி. சிப்பாய் ஆங்கிலத்தில் சொன்னால், அதற்கு ஈடாகப் பதிவுசெய்து வைத்த அரபு வாக்கியம் ஒலிக்கும். எதிரில் நிற்பவர் சொல்லும் பதிலை மொழிபெயர்க்க அதில் வழியில்லை. எனக்கு இந்தக் கருவிதான் மொத்தப் பயிற்சியின் சுருக்கமாகப் படுகிறது.

பதில் புரியாததன் விலை சோதனைச் சாவடியில் தெரியும். பின் இருக்கையில் நோயாளி இருப்பதாக ஓட்டுநர் கத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிப்பாய்க்கு அது வெறும் கூச்சல். கூச்சலைக் கேட்டால் விரல் விசைக்குத்தான் போகும்.

மேலேயும் நிலைமை இப்படித்தான். 2006 டிசம்பரில் ஈராக் ஆய்வுக் குழு கொடுத்த அறிக்கைப்படி, பாக்தாத் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த 1,000 பேரில் அரபு தெரிந்தவர்கள் 33 பேர். சரளமாகப் பேசக்கூடியவர்கள் வெறும் 6 பேர்.

மொழிப்பயிற்சி வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பதில் புரிந்தால் ஓர் உயிர் மிஞ்சலாம், அதுவே பெரிய விஷயம். ஆனால் அதற்கு, எதிரில் இருப்பவருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டும். அந்தப் பாடம் எந்த அட்டையிலும் அச்சாகவில்லை.