கூடிழந்த பறவையும் மன்னாரின் பறவையும்

1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பின் வந்த நமது கவிதைகளையும் கதைகளையும் சேர்த்து வாசிக்கையில் ஒரு படிமம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது: கூடிழந்த பறவை. புத்தளத்து முகாம் வாழ்வைச் சொல்ல அன்று அது உதவியது. ஆனால் முப்பது வருஷத்துக்குப் பிறகும் பறவை நம் எழுத்தில் உவமையாக மட்டுமே இருப்பதுதான் என் குறை. அந்தப் பறவைக்குப் பெயரில்லை, இரையில்லை, பருவமில்லை. எந்த ஊர் வானத்திலும் அதைப் பறக்க விடலாம்.

மன்னாருக்கு வரும் பறவை அகதியல்ல. மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்கோடியில் இருக்கிறது எங்கட தீவு. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் வடக்கேயிருந்து வந்து, பருவம் முடியத் திரும்பிப் போகின்றன. அவற்றுக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒரு வீடு வங்காலைத் தரவையும் சேற்று நிலமும். 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்த 4,839 ஹெக்டயரில் 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்குகின்றன. "பறவை எங்கும் போய்ப் பிழைச்சிடும்" என்பது உவமைக்குப் பொருந்தும். சேறு வற்றினால் பூநாரைக்குப் பொருந்தாது.

மறுபக்கத்தில் சுற்றாடல் எழுத்து இருக்கிறது. அதில் பறவை இருக்கும், மனிசர் இருக்க மாட்டார். இருந்தாலும் காடழிப்பவராகவே இருப்பார். முசலிப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். சனம் இல்லாத இருபது வருஷத்தில் வயலிலும் வளவிலும் மரம் வளர்ந்தது என்பது திரும்பி வந்தவர்களின் வாதம். 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதி நிலங்களை வனமாக்கின. காட்டைக் காப்பது நியாயமே. ஆனால் விரட்டப்பட்டவரின் இன்மையை இயற்கையின் வளமாக மட்டும் வாசிப்பது அரைகுறை வாசிப்பு. இதனால்தான் நம்மவர் பலருக்குப் 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே பயம் வருகிறது. அந்தப் பயம் பறவைக்கும் நல்லதல்ல.

இந்த இரு எழுத்துகளுக்கும் வெளியே, தீவுச் சனம் வேறொரு பாடம் எழுதியிருக்கிறது. 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற் திறனும் கொண்ட 'தம்பபவனி' 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கியது. அடுத்து அதானி நிறுவனத்தின் 250 மெகாவாற் திட்டம் வந்தபோது, 2024இல் சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. அதன் பின்னணியில் இருந்தது மின்விலை மறுபேச்சு, பறவையல்ல. ஆகவே அதை நம் வெற்றியாகக் கொண்டாடி ஓய முடியாது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். பணி ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. வெள்ளம் வடியாமை, மீன்பாடு, பறவை மூன்றும் அங்கே ஒரே பேச்சாக இருந்தன. காற்று மின்சாரம் வேண்டாம் என்பதல்ல கேள்வி. எந்த இடத்தில் என்பதுதான்.

நமது குத்பாக்களில் சுலைமான் நபியின் ஹுத்ஹுத் அடிக்கடி வருகிறது. எருக்கலம்பிட்டிக் கரையில் எது எப்போது இறங்குகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தார் பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டவர்கள். அந்த ஊரை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994இல். ஊரவர் பழக்கம் அதற்கு முந்தியது. சட்டத்துக்கு முன் ஊர் விழித்திருந்தால், சட்டம் ஊரைத் தள்ளிவைப்பது சிரமம்.

ஆகவே எழுதுவோரிடம் நான் கேட்பது கவிதையை விடச் சிறியது, கடினமானது. ஊர் வரலாறு எழுதுகிறவர் பள்ளிவாசல், முத்துக்குளிப்பு, பள்ளிமுனைப் பெருக்கமரம் ஆகியவற்றோடு தரவைக்கும் ஒரு அத்தியாயம் கொடுக்கட்டும். களங்கட்டி வலைக்காரரிடமும் உம்மம்மாமாரிடமும் உள்ள பறவைப் பெயர்களைத் திகதியோடு பதியட்டும். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்தான் தருவார்கள். அந்த முப்பது நாளில் உவமையைக் கொண்டுபோய் வைக்க முடியாது. முப்பது வருஷக் குறிப்பை வைக்கலாம். அதே குறிப்பு, இந்த நிலத்தில் நாங்களும் இருந்தோம் என்பதற்கும் சாட்சி.