சோப்புக் குமிழியும் ஒரு மோசமான வாத்தியாரும்

வாட்டர் கலர் பிரஷ் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வெளியே எடுங்கள். முடிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூராக நிற்கும். ஏன்? 'ஈரமாக இருப்பதால்' என்பீர்கள். சரி, அதே பிரஷ்ஷைத் தண்ணீருக்குள் முக்கி வைத்துப் பாருங்கள். அங்கே ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் முடிகள் காய்ந்த பிரஷ் மாதிரி விரிந்து நிற்கின்றன. ஆக, ஈரம் காரணமில்லை. பின்னே?

இந்தப் 'பின்னே?'யில்தான் சி.வி. பாய்ஸ் எழுதிய 'சோப் பபிள்ஸ்' என்கிற சின்னப் புத்தகம் தொடங்குகிறது. லண்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள், 1890-ல் அச்சுக்கு வந்தன. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் புத்தகத்துக்கு வயசாகவில்லை.

பிரஷ்ஷுக்கு விடை இதுதான். தண்ணீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்கிறது. பிரஷ் வெளியே வரும்போது அந்தத் தோல் முடிகளைச் சுற்றி இறுக்குகிறது. தண்ணீருக்குள்ளே இறுக்கத் தோல் இல்லை. பரப்பு இழுவிசை என்று பள்ளியில் பயமுறுத்தினார்களே, அது இவ்வளவுதான்.

அடுத்து, மெழுகு பூசிய சல்லடையில் தண்ணீரை ஒழுகாமல் பிடித்துக் காட்டுகிறார். இரண்டு சோப்புக் குமிழிகள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, இரண்டையும் ஒரு குழாயால் இணைக்கிறார். என்ன ஆகும்? பெரிசிலிருந்து காற்று சிறிசுக்குப் போய் இரண்டும் சமமாகும் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். நடப்பது நேர் எதிர். குமிழி சிறுக்கச் சிறுக்க உள்ளே அழுத்தம் ஜாஸ்தி. அதனால் சிறிசு தன் காற்றையெல்லாம் பெரிசுக்கே கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகிறது. நாட்டுப் பொருளாதாரம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

நம் பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2018-ல் வந்த புத்தகத்தில் ஈர்ப்பியல் ஒரு பாடம். அடுத்த பாடத்தில் மீட்சிப் பண்பு, பரப்பு இழுவிசை எல்லாம். வண்ணப் படங்கள் உண்டு. தப்பு ஏதும் சொல்லவில்லை. ஆனால் வரையறை, அலகு, சூத்திரம், கணக்கு என்கிற அந்த வரிசை மாறவே இல்லை. பையன் மனசில் கேள்வி முளைக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. கேட்காத கேள்விக்கு வந்த பதிலை யாருக்கு ஞாபகம் இருக்கும்? பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகிறது.

இன்னொரு குறை, மூன்றும் மூன்று தனித்தனி சமாசாரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வது. தாமரை இலையில் சின்னத் துளி முத்தாக உருண்டு நிற்கிறது. பெரிய துளி தட்டையாகிவிடுகிறது. சின்னதில் 'தோல்' ஜெயிக்கிறது, பெரிசில் பூமியின் ஈர்ப்பு ஜெயிக்கிறது. இரண்டு பாடங்களும் ஒரே இலையில் குஸ்தி போடுகின்றன.

பாய்ஸின் வாழ்க்கையில் மூன்றுமே கலந்து இருந்தன. 1887-ல் உருகிய குவார்ட்ஸை ஒரு சின்ன அம்பின் வாலில் ஒட்டவைத்து, வில்லில் பூட்டி எய்தார். அம்பு பறந்த வழியில் தலைமுடியைவிட மெல்லிய இழை ஒன்று கிடைத்தது. முறுக்கிவிட்டால் மிச்சம் வைக்காமல் பழைய நிலைக்குத் திரும்பும் அபாரமான மீட்சி அதற்கு. அந்த இழையில் குட்டித் தங்கக் குண்டுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் அவற்றை எவ்வளவு இழுக்கின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நிலவறையில், தெரு அரவம் அடங்கிய இரவுகளில் அளந்தார். 1895-ல் அவர் வெளியிட்ட ஈர்ப்பு மாறிலிக்கும் இன்றைய மதிப்புக்கும் வித்தியாசம் சுமார் கால் சதவிகிதம்தான்.

இப்பேர்ப்பட்டவர் வகுப்பில் எப்படி? அவரிடம் படித்த ஒரு மாணவர், தான் பார்த்த மகா மோசமான ஆசிரியர்களில் ஒருவர் என்று 1934-ல் வந்த சுயசரிதையில் எழுதிவிட்டார். பாடத்தை அரக்கப்பரக்க முடித்துவிட்டுத் தன் கருவிகளிடம் ஓடிவிடுவாராம். மாணவர் பெயர் எச்.ஜி. வெல்ஸ்!

இதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. கல்லூரியில் கருவிகள் ஒரு அறையில், பாடம் வேறொரு அறையில். மனுஷர் மனசு கருவிகளிடம் இருந்தது. குழந்தைகளிடம் பேசப் போனபோது கருவிகளையும் கூடவே கொண்டுபோனார். அதே ஆள் அங்கே பிரமாதமான வாத்தியார். ஆசிரியர்களைக் குறை சொல்லும் முன் அவர்கள் கையில் என்ன கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கவேண்டும். ஒரு சாக்பீஸ், ஒரு கைடு!

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. பின்பாதியில் நீர்த்தாரைகளை வைத்துச் செய்யும் சோதனைகளுக்குப் பொறுமையும் கருவிகளும் வேண்டும், நம் சமையலறையில் நடக்காது. இன்னொன்று அந்தத் 'தோல்' உவமை. அது மனசில் ரொம்ப அழுத்தமாக ஒட்டிக்கொள்வதால் கொஞ்சம் ஆபத்து. ரப்பர் பேண்டை இழுக்க இழுக்க அது இன்னும் பலமாகத் திருப்பி இழுக்கும். தண்ணீர்ப் பரப்பு அப்படியில்லை. விரித்தால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் மேலே வந்து இடத்தை நிரப்பிவிடும், இழுப்பு அதே அளவுதான். மூலக்கூறு கணக்குக்குள் பாய்ஸ் அதிகம் இறங்குவதில்லை. அதற்குப் பாடப்புத்தகத்துக்குத்தான் திரும்பவேண்டும். முதலில் பாய்ஸ், பிறகு பாடப்புத்தகம் என்பது என் சிபாரிசு.

காப்புரிமை தீர்ந்துவிட்டதால் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. எளிய ஆங்கிலம். பிளஸ் ஒன் சேரப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கோடை விடுமுறையில் படிக்கக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு பிரஷ்ஷும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள்.