அவதானிப்பும் கண்காணிப்பும்: மலையக ஆசிரியப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

‘கங்காணி’ என்னும் சொல் மலையகத்துக்குப் புதியதன்று. கண்காணித்தல் என்னும் வினையடியாகப் பிறந்த அப்பெயர், தொழிலாளியின் உழைப்பை அளந்து துரைக்கு அறிவித்தவனைக் குறித்தது. ஆசிரியப் பயிற்சியில் இன்று வழங்கும் வகுப்பறை அவதானிப்பு அச்சொல்லின் நிழலிலிருந்து விடுபட்டுள்ளதா என்பதே நமது வினா.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்வழித் தோன்றிய கல்வியியற் கல்லூரிகளில், ஈராண்டு வதிவிடக் கல்வியைத் தொடர்ந்து மூன்றாம் ஆண்டு பாடசாலைக் கட்டுறுபயில்வுக்கென வகுக்கப்பட்டது. 1990களின் முற்பகுதியில் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்லூரி, தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியத் தேவையை மனங்கொண்டு எழுந்ததாகும். ஏட்டறிவும் வகுப்பறையும் சந்திக்கும் இக்கட்டுறுபயில்வின் உயிர்நாடி அவதானிப்பே.

எனினும், அவதானிப்பு புள்ளியிடும் சடங்காகச் சுருங்குமாயின் பயிலுநர் கற்பிப்பதை விடுத்துக் காட்சி நடத்தவே பழகுவார். பிள்ளைகளும் வினாவின்றி அடங்கியிருப்பர். பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கிய 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்றக் கல்விமுறையில், வித்தியாதரிசியின் வருகை இத்தகைய நாடகத்தையே வளர்த்தது. கண்டியைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளின் சிறு தோட்டப் பாடசாலையொன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரே ஆசிரியர் இரு வகுப்புகளை ஒருங்கே நடத்த நேரின், ஒரு சாராருக்குப் பயிற்சி கொடுத்து மறுசாராருக்குப் பாடம் சொல்லும் திறனே அங்கு முதன்மையானது. தனிவகுப்பை மட்டும் கருதி வரைந்த படிவத்தில் அத்திறனுக்கு இடமேது?

புள்ளியின்றேல் தரம் தாழும் என்பர் சிலர். தரம் வேண்டும் என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் தீர்ப்பிடுவதும் வளர்ப்பதும் ஒரே வருகையில் நிகழ்தல் அரிது. ஜப்பானிய ஆசிரியர் கூடித் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் பிள்ளைகளின் கற்றலை அவதானித்து, பின்னர் பாடத்தைத் திருத்துகின்றனர். இங்கிலாந்தின் பரிசோதனை நிறுவனமும் 2014இல், பாடசாலைகளில் தனிப்பாடத்துக்குத் தரமிடுவதைக் கைவிட்டது.

ஆகவே இறுதி மதிப்பீட்டைத் தனியாக நிறுத்தி, ஏனைய அவதானிப்புகளைப் புள்ளியினின்று விடுவித்தல் வேண்டும். பயிலுநர் முதலில் அனுபவமிக்க ஆசிரியரை அவதானிக்கட்டும். பின்னர் அவ்வாசிரியரே பயிலுநரை அவதானித்து உரையாடட்டும். அதற்கான நேரம் அவ்வாசிரியரின் நேரசூசியிலேயே ஒதுக்கப்படல் வேண்டும்; இன்றேல் இது மேலுமொரு சுமையாகவே முடியும்.

பயிலுநருட் பலர் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளே. தம் பெற்றோர்மீது பதிந்த கண்காணிப்பின் பார்வையை அவர்கள் வகுப்பறைக்குள் மீண்டும் சந்திப்பார்களாயின், அதையே தம் மாணவர்மீதும் செலுத்துவர். இழப்பு அம்மாணவருக்கே.