மலைப்பாதையில் ஒரு மஞ்சள் கார்

பேய்ப் படம் எப்படி ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி, மழை, கிறீச்சிடும் கதவு, தூரத்தில் நாய் ஊளை. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) பட்டப்பகலில் ஆரம்பிக்கிறது. கண்ணாடி போல ஏரி, நடுவே குட்டித் தீவு, மலைகள், வளைந்து போகும் பாதையில் எறும்பு மாதிரி ஒரு மஞ்சள் ஃபோக்ஸ்வேகன். ஏறக்குறைய மூன்று நிமிஷம் கார் போகிறது, அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. இருந்தும் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது.

ஒரு சோதனை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். டூரிஸ்ட் விளம்பரம்! (கதை நடப்பது கொலராடோவில், இந்த மலைப்பாதை மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில்.) சத்தத்தைக் கூட்டினால் சிந்தசைசரில் நாலு சுரம் கனமாகக் கீழே இறங்குகிறது. 'டீஸ் ஈரே' என்று, இறந்தவர்களுக்கான பூசையில் பாடும் பழைய லத்தீன் மெட்டு. வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் செய்தது. சர்ச் பக்கமே போகாதவருக்கும், யாரோ போகப்போகிறார்கள் என்று புரிந்துவிடுகிறது. நடுவே வரும் ஓலக் குரல்கள் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஓவர்.

இசைதான் காரணம் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1982-ல் ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' படத்துக்கு சுபமாக ஒரு முடிவு தேவைப்பட்டது. குப்ரிக் தன்னிடம் மிச்சமிருந்த இதே ஹெலிகாப்டர் காட்சிகளைக் கொடுத்தார். அதே மலைகள், மேலே ஹாரிசன் ஃபோர்டின் குரல். காதலர்கள் ஹாயாகத் தப்பிப் போகிறார்கள். பயமா? மூச்! (1992 பதிப்பில் ஸ்காட் அந்த முடிவையே எடுத்துவிட்டார்.)

அதற்காக கேமராவை நிரபராதி என்று விட்டுவிட முடியாது. காரைப் பின்னாலிருந்து துரத்துகிறது. கிட்டே வந்து, தாண்டி, ரோடு வளையும் இடத்தில் வளையாமல் பள்ளத்தாக்கின் மேல் நேராகப் போய்விடுகிறது. அதற்கு ரோடு தேவையில்லை. பார்ப்பது யார்? படம் கடைசிவரை சொல்வதில்லை. பழைய வீடியோ பதிப்புகளில் மலைமேல் ஹெலிகாப்டரின் நிழல்கூடத் தெரியும். பேயின் நிழல் என்று எடுத்துக்கொள்பவர்களுக்குச் செலவில்லை.

பிற்பாடு ஓட்டலுக்குள் பையன் மூணு சக்கர சைக்கிள் ஓட்டும்போது இதே பார்வை தரையோடு தரையாக அவன் பின்னால் வழுக்கிக்கொண்டு வரும். மரத்தரையில் சக்கரம் கடகடக்கும். கம்பளத்தில் ஏறினால் கப்சிப். மறுபடி கடகட. அங்கே இசைகூட வேண்டியிருக்கவில்லை.